தானாய் நிற்கும் பொனட்

பதுளை கடைவீதியில் "முஷ்ரிபாட மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். ஸனூஸ் என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஸனூஸ்? பேக்கரி ஸனூஸா, பஸ் ஸனூஸா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். ஐம்பத்து நான்கு வயதாகி, தலையில் பாதி முடியும் போய், மூன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும், அந்த மனிதருக்கென்று ஊர் தனியாக ஒரு பெயரைக் கொடுக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான். வேறு குறை வராமல் மனைவி முஷ்ரிபா பார்த்துக்கொண்டாள்.

கடை மாமனார் போட்டது. மகள் பிறந்த வருடம் திறந்ததால் முஷ்ரிபா ஸ்டோர்ஸ் என்று பெயர் வைத்தார். மம்பட்டி, கயிறு, வாளி, கொழுந்துக் கூடை, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு என்று எல்லாம் கிடைக்கும். பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் சனம் பஸ் ஏறி வந்து வாங்கும். கல்யாணத்தோடு ஸனூஸுக்கு அந்தக் கடையில் ஒரு கதிரை கிடைத்தது. முப்பது வருடமாக அதில் இருக்கிறார். எந்தப் பொருள் எந்த இறாக்கையில் கிடக்கிறது, எந்தத் தோட்டத்து மண்ணுக்கு எந்த மம்பட்டி தோதுப்படும் என்பதெல்லாம் முஷ்ரிபாவுக்குத் தெரியும். ஸனூஸுக்கு உலக விஷயம் தெரியும். வருகிறவர்களுக்கு அவர் உலக விஷயம் சொல்வார், அவள் பொருளை எடுத்துக் கொடுப்பாள். எந்தப் பேச்சானாலும் கடைசியில் ஒரு வசனத்தில் வந்து நிற்கும்.

"நான் யார்ட தயவுலயும் நிக்கிற ஆள் இல்ல."

இதை மாமனார் வாங்கிப் போட்ட கதிரையில் சாய்ந்துகொண்டு சொல்வார்.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த வருடங்களில் பழைய கார்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. கோழி அடைந்து கிடந்த கார்களெல்லாம் குளித்து முழுகி வீதிக்கு வந்தன. ஸனூஸும் வெலிமடைப் பக்கம் ஒரு கொட்டிலில் ஸ்ரீ நம்பர் போட்ட பழைய டட்சன் ஒன்றைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கடை அவளுடையது, வீடு அவளுடையது, இதாவது என்னுடையது என்று ஒரு பொருள் வேண்டாமா? அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் பழிக்கிறேன்.

காரின் எஞ்சின் செத்து வெகுகாலம். அதே ரக எஞ்சின் ஒன்றைத் தேடிப் போடலாம் என்று விஜேந்திரன் சொன்னார். பசறை வீதியில் கராஜ் வைத்திருப்பவர் அவர். கைத்தொழில்காரர்களை இங்கே கூப்பிடுகிற மாதிரி ஸனூஸ் அவரைப் பாஸ் என்று கூப்பிடுவார். மடுல்சீமையில் தோட்டத்து லயத்தில் பிறந்து, வெல்டிங்கும் டிங்கரிங்கும் பழகித் தோட்டத்தை விட்டு வந்தவர். வாடகை வீடும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அவருடைய பத்து விரல்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஸனூஸுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. எங்கேயோ பள்ளத்தில் உருண்ட வேனொன்றின் டீசல் எஞ்சினை வாங்கிக்கொண்டு வந்து கராஜில் இறக்கினார். டட்சனுக்குள் அதை வைத்தபோது எஞ்சின் எட்டிப் பார்த்தது. பொனட் மூட மறுத்தது.

"எஞ்சின் ஒரு சாண் மேல நிக்குதுங்க மொதலாளி. மெல்லிசு தகடுல ஒரு கூடு அடிச்சு பொனட்டுல ஒட்டிட்டா போதும்" என்றார் விஜேந்திரன்.

"மெல்லிசு தகடா? நாம என்ன பிஸ்கட் டின்னா அடிக்கிற? யானை ஏறினாலும் நசுங்கக் கூடா பாஸ்."

பதுளையில் எந்த யானை வந்து எந்தக் காரில் ஏறப்போகிறது என்று விஜேந்திரன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தோட்டமொன்றில் உடைத்து விற்ற ஃபெக்டரியின் ட்ரையர் தகடுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்தன. அரை நூற்றாண்டு கொழுந்து காய்ந்த கனத்த இரும்பு. அதைத்தான் ஸனூஸ் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அடித்த பொனட்டின் நடுவில், கந்தூரிக்குச் சோறாக்கும் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு. முன்பு ஒரு கையால் தூக்கிய பொனட் இப்போது முக்கால் மூட்டை சீமெந்து கனம். ஸனூஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக் கொடுத்தார்.

திறந்த பொனட்டைத் தாங்க காரோடு வந்த கம்பி பென்சில் தடிப்பு. இரண்டாம் நாளே அது வளைந்தது. ஸ்பானர் எடுக்க விஜேந்திரன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார், அந்தப் பக்கம் பொனட் விழுந்தது. பெட்டரி மூடி தூள். திரும்பியிராவிட்டால் தன் கை என்னவாகியிருக்கும் என்பதை அந்தத் தூளில் பார்த்துவிட்ட மனிதர், அன்றைக்கே கட்டைவிரல் தடிப்பில் ஒரு இரும்புக் கம்பி வெட்டி, நழுவாமலிருக்க நுனியில் கொளுக்கி வளைத்து, நெருப்பில் காய்ச்சி, ஒன்றாந்தரமாகச் செய்து முடித்தார்.

ஸனூஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கம்பு ஊண்டின காரா என்ட கார்? புதுக் கார்ல பாருங்க, பொனட் தானா நிக்கும். ரெண்டு பக்கமும் கேஸ் ஷொக். எனக்கு அதான் வேணும்."

கம்பியைக் கொண்டுவந்து கடை மூலையில் எறிந்தார். முஷ்ரிபா அதை எடுத்துப் பார்த்தாள். கொளுக்கி கச்சிதமாக இருந்தது. கடையின் மூன்று ஷட்டர்களையும் இழுத்து மூட இத்தனை நாளாகக் கூட்டுகிற தும்புத்தடியோடு மல்லுக்கட்டியவள் அவள். அன்றிலிருந்து அது ஷட்டர் கம்பியாகிவிட்டது.

கேஸ் ஷொக் என்பது வேன்களின் பின்கதவைத் தாங்குகிற குழாய். உள்ளே அடைத்த காற்று தண்டைத் தள்ளும், கதவு மேலே நிற்கும். ஸனூஸ் முதலில் கொண்டுவந்த சோடி பெரிய வேனுடையது. பொனட் நின்றது, நன்றாகவே நின்றது. மூடத்தான் முடியவில்லை. ஸனூஸும் விஜேந்திரனும் ஏறி உட்கார்ந்து அமுக்கியதில் பிணைச்சல் இருந்த தகடு கிழிந்து மேலே வந்தது. விஜேந்திரன் அடியில் கனத்த இரும்புப் பட்டம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். இரண்டாவது சோடிக்குப் பலம் போதாது, பொனட் தூங்கி விழுந்தது. மூன்றாவது சோடியை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு கடை வாசலில் வைத்துப் பூட்டினார்கள். பதுளையில் நல்ல உச்சி வெயில். ஸனூஸ் பொனட்டைத் தூக்கிக் கையை விட்டார். நின்றது. தெருவே பார்த்தது.

"நிக்குது, ஆனா மட்டுமட்டா நிக்குதுங்க" என்றார் விஜேந்திரன். "கொஞ்சம் பலமான சோடி ஒண்ணு தேடுவோம். இல்லாட்டி அந்தக் கம்பியயும் கூடவே வச்சுக்குவோம்."

"நின்டா நின்டதுதானே பாஸ். அதுல என்ன மட்டு?"

சத்தம் கேட்டு முஷ்ரிபா வெளியே வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எனத்தால நிக்கிது?"

"உள்ளுக்கு கேஸ் ஈக்கி. உனக்கு வெளங்காது."

"அப்புத்தளைக்கு கொண்டு போறதா சொன்னீங்க. அங்க தங்கச்சி வீட்டு அடுப்பு விடியக்காலையில எரியுதில்லயே. சிலிண்டர வெயில்ல வெச்சு எடுத்துத்தான் பத்தவெக்கிறா. குளிருக்கு கேஸ் சோர்ந்து போகும்."

ஸனூஸ் சிரித்தார். தெருவில் நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

"அது சமையல் கேஸ். இது கார் கேஸ்!"

விஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா சொல்றதையும் கொஞ்சம் யோசிக்கணுங்க" என்று தொடங்கினார். "நீங்களும் அடுப்பு பத்தவெக்கவா போறீங்க?" என்று ஸனூஸ் அவரை அடக்கிவிட்டார்.

அப்புத்தளைக்குப் போக ஒரு காரணம் இருந்தது. ஊவா மாகாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். வந்த எல்லாக் காருக்கும் ஒரு கேடயம் உண்டு. கார் ஓடினாலும் கேடயம், தள்ளிக்கொண்டு வந்தாலும் கேடயம். ஸனூஸுக்குக் கேடயம் பெரிதில்லை. ஒலிபெருக்கியில் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்களாம். பெயர்ப் படிவத்தில் "பதுளை எம். எஸ். எம். ஸனூஸ்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கடையின் பெயரை எழுதவில்லை. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று முஷ்ரிபா பிறகு சொன்னாள். பாவம்தான்.

இதில் மச்சான் பலீல் வேறு வந்து சேர்ந்துகொண்டார். முஷ்ரிபாவின் மூத்த சகோதரர், பண்டாரவளையில் துணிக்கடை. அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. பிறந்தபோது இருந்த எஞ்சின், பிறந்தபோது இருந்த பொனட், அதைத் தாங்கப் பிறந்தபோது இருந்த கம்பி. கண்காட்சிக்கு முந்தின கிழமை கடைக்கு வந்தவர், டட்சனின் புடைப்பைப் பார்த்துத் தாடியைத் தடவினார்.

"என்ட காருக்கு கம்பு ஈக்கி. இந்த பொனட்டுக்கு நீங்களேதான் நிக்கணும் போல."

ஸனூஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. கடையில் ஆறேழு பேர் நின்றார்கள்.

"தானா நிக்கும் மச்சான். அப்புத்தளையில எல்லாருக்கும் முன்னால நிக்கும். விழுந்தா என்ட பேர் ஸனூஸ் இல்ல!"

நின்ற ஆறேழு பேரில் இரண்டு பேருக்கு அன்றுதான் அவர் பெயர் ஸனூஸ் என்று தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் இரண்டு மணித்தியாலம் கடை திறந்துவிட்டு, முஷ்ரிபா ஷட்டரை இழுத்துப் பூட்டிக் கம்பியும் கையுமாக வந்து காரில் ஏறினாள். ஸனூஸ் முறைத்தார்.

"இத எனத்துக்கு?"

"கையில ஈந்திச்சு."

விஜேந்திரனும் கூட வந்தார். டீசல் பைப்பில் ஒரு இடத்தில் கசிவு இருந்தது. வழியில் தேவைப்படும் என்று ஸனூஸ்தான் அவரை அழைத்தார். யார் தயவிலும் நிற்காதவர் மெக்கானிக் இல்லாமல் இருபத்தைந்து மைல் போவதில்லை.

அப்புத்தளை மைதானத்தில் மூடுபனி. எதிரே நிற்கிற காரின் நிறம் தெரியவில்லை. சனம் கம்பளி சுற்றிக்கொண்டு பிளேன்டீக்கு வரிசையில் நின்றது. ஸனூஸ் காரை நடுவில் நிறுத்தி, பொனட்டைத் தூக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு விலகி நின்றார். நின்றது. பலீல் தன் மொரிஸ் மைனருக்குக் கம்பை ஊன்றிவிட்டு வந்து பார்த்தார். அந்த ஒரு மணித்தியாலம் ஸனூஸ் இருந்த மாதிரி கல்யாணத்தன்றும் அவர் இருந்திருக்க மாட்டார். சுற்றி நின்றவர்களுக்கு எஞ்சினைப் பற்றிச் சொன்னார், தகட்டைப் பற்றிச் சொன்னார், வராத யானையைப் பற்றியும் சொன்னார்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் குழாய்கள் நன்றாகக் குளிர்ந்தன.

கசிவு கூடியிருந்தது. விஜேந்திரன் தன் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, எஞ்சினுக்கும் அதன் பின்னால் நிற்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்து, பைப்பின் நட்டை இறுக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்று ஸனூஸ் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில், பொனட்டின் விளிம்பு தன் தொப்பியைத் தொடுவதை உணர்ந்தார். சற்று முன்பு அது தொப்பிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அல்லவா இருந்தது?

இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்தார். முதலில் பெரிய கனமில்லை. ஒரு விரற்கடை இறங்கியது. இறங்க இறங்கக் குழாய் தள்ளுவது குறைகிறது, இரும்பு அழுத்துவது கூடுகிறது. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது, அவருடைய தோளுக்குத் தெரிந்தது. கீழே விஜேந்திரனின் கைகள். "பாஸ், கைய எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விஜேந்திரன் கையை எடுத்திருப்பார், பொனட்டை மெதுவாக மூடியிருக்கலாம். ஆனால் மூன்றடியில் பலீல் நிற்கிறார். சுற்றிச் சனம் நிற்கிறது. ஸனூஸ் சொல்லவில்லை. ஒரு மனிதனின் பத்து விரல்களுக்கு மேலே முக்கால் மூட்டை இரும்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பையும் பிடித்துக்கொண்டு, மைலேஜ் பற்றிப் பேசினார். சனம் அவர் தோரணையாக நிற்கிறார் என்று நினைத்துப் படம் எடுத்தது.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"பதுளை, எம். எஸ். எம். ஸனூஸ் அவர்கள் மேடைக்கு வரவும்."

முப்பது வருடம் காத்திருந்த சத்தம். பனிக்குள்ளால் மைதானம் முழுக்கப் போனது. ஸனூஸுக்குக் கண் கலங்கியது. பொனட் இன்னொரு விரற்கடை இறங்கியதும் அப்போதுதான்.

"என்ன மச்சான், பேர் சொல்றாங்க. போங்களேன்" என்றார் பலீல்.

"போறேன், போறேன். என்ன அவசரம்?"

இரண்டாவது தரமும் கூப்பிட்டார்கள். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு, "ஸனூஸ் என்று யாரும் வரவில்லையா?" என்று ஒலிபெருக்கி கேட்டது. பலீல்தான் உதவிக்குப் போனார். இரண்டு கைகளையும் வாயில் குவித்து மேடையைப் பார்த்துக் கத்தினார்.

"ஈக்கிறார், ஈக்கிறார்! எங்கட முஷ்ரிபாட மாப்பிள்ளை!"

"ஆ, முஷ்ரிபா ஸ்டோர்ஸா? அப்படிச் சொல்லுங்க! முஷ்ரிபா ஸ்டோர்ஸ் சார்பில் யாராவது வாங்க!" என்றது ஒலிபெருக்கி.

பக்கத்துப் பிளேன்டீ வரிசையில் நின்ற முஷ்ரிபா திரும்பிப் பார்த்தாள். புருஷன் நிற்கிற நிலையை ஒரு தரம் பார்த்தாள், விஜேந்திரன் குனிந்திருப்பதை ஒரு தரம் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டுக் காரின் பின்கதவைத் திறந்து கம்பியை எடுத்தாள். கீழ் நுனியை ஊன்றிக் கொளுக்கியை விளிம்பில் மாட்டினாள். ஷட்டருக்கு மாட்டிப் பழகிய கை, ஒரே மாட்டில் பிடித்தது.

"கைய விடுங்க. இனி நிக்கும்."

ஸனூஸால் கையை விட முடியவில்லை. தோள் இரண்டும் மரத்து, கைகள் மேலேயே நின்றுவிட்டன. முஷ்ரிபா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானே மேடைக்குப் போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

விஜேந்திரன் நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கம்பியைக் கண்டார். மேலே அப்படியே நிற்கும் ஸனூஸின் கைகளையும் கண்டார். விளங்கிவிட்டது.

"எவ்வளவு நேரமா புடிச்சிக்கிட்டு இருந்தீங்க?"

ஸனூஸ் பொனட்டின் புடைப்பைப் பார்த்தார்.

"என் கை உள்ள இருந்துச்சுங்க மொதலாளி. ரெண்டு கையும். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஸனூஸ் ஏதாவது உலக விஷயம் சொல்லிச் சமாளித்திருப்பார். விஜேந்திரன் விரல்களைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, பதுளைக்கு பஸ் பிடிக்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். காரில் வர மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் கராஜுக்கு வந்தால், கம்பியை ஊன்றாமல் அவர் கிட்டே போவதில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் கம்பி ஊன்றினாலும் போயிருக்க மாட்டேன்.

கேடயம் இப்போது கடையில் முஷ்ரிபா நிற்கிற இடத்துக்கு மேலே தொங்குகிறது. அதில் ஸனூஸ் என்றுதான் பொறித்திருக்கிறது. வருகிறவர்கள் அவளைத்தான் பாராட்டுகிறார்கள்.

ஸனூஸ் அடங்கிவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. இரண்டே கிழமையில் கதை வேறாகிவிட்டது. குழாய் பழுதாம், விற்றவன் ஏமாற்றிவிட்டானாம். ஒரு ஏழை மனிதனின் கைகளைக் காப்பாற்ற ஸனூஸ் அரை மணித்தியாலம் தனியாக இரும்பைச் சுமந்தாராம். மேடையைக்கூட வேண்டாமென்று விட்டுக்கொடுத்தாராம். காருக்கென்று இன்னொரு கம்பி அடித்துத் தரட்டுமா என்று விஜேந்திரன் ஆள் அனுப்பிக் கேட்டபோதும் மறுத்துவிட்டார். சொந்தமாகக் கம்பி வைத்தால் அது கம்பு ஊன்றின கார் ஆகிவிடுமே! பழைய குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் குழாய் வரும்வரை கடைக் கம்பியை எடுத்துப் பாவிக்கிறார், அவ்வளவுதான். புதுக் குழாய் இன்னும் வரவில்லை.

போன வியாழக்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்தவர்களைக் கடை வாசலில் மறித்து, பொனட்டைத் திறந்து கம்பியை ஊன்றிவிட்டு, அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் இருக்கும். பலீலும் வந்திருந்தார். கதை அப்புத்தளையைத் தாண்டி, வழக்கமான வசனத்துக்கு வந்துசேர்ந்தது.

"அன்டைக்கும் சரி, இன்டைக்கும் சரி, நான் யார்ட தயவுலயும் நிக்கிற ஆள் இல்ல."

முஷ்ரிபா வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"கடை பூட்டணும்" என்றாள். கொளுக்கியைத் தட்டிக் கழற்றிக் கம்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸனூஸ் பாய்ந்து இரண்டு கைகளாலும் பொனட்டைப் பிடித்தார். பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. யார் தயவிலும் நிற்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? மூடிவிடலாம் என்றால், பலீல் அப்போது பார்த்து எஞ்சினுக்குள் தலையை விட்டு எதையோ ஆறுதலாக ஆராயத் தொடங்கினார்.

முஷ்ரிபா முதலாவது ஷட்டரை இழுத்தாள், குனிந்து பூட்டினாள். வாசலில் தொங்கிய வாளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே வைத்தாள். பிறகு இரண்டாவது ஷட்டரை இழுத்தாள்.

"முஷ்ரிபா, கொஞ்சம் கெதியா!"

"இந்தா வாறேன். கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

மூன்றாவது ஷட்டர் பாதியில் நின்றது. சாவியைக் காணோம் என்று தேடத் தொடங்கினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.